புள்ளி விழுந்த கிராஃபிக்ஸ் கார்டு: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

திரையில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் நான் முதலில் செய்வது ஸ்கிரீன்ஷாட் எடுப்பதுதான். அந்தப் படத்தை வேறொரு கணினியிலோ கைபேசியிலோ திறந்து பார்க்க வேண்டும். அங்கும் புள்ளி இருந்தால் படம் உருவாகும் இடத்திலேயே கோளாறு என்று பொருள்: கிராஃபிக்ஸ் கார்டின் (கணினியில் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் பலகையின்) சிப், அதன் மெமரி, அல்லது அதை இயக்கும் மென்பொருளான டிரைவர். அங்கே படம் சுத்தமாக இருந்தால் கார்டு சரியாகத்தான் வரைந்திருக்கிறது, வழியில் எங்கோ கெட்டிருக்கிறது. அப்போது கேபிளையும் மானிட்டரையும் கார்டின் வெளியீட்டு முனையையும் பார்த்தால் போதும். ஒரு பொத்தானை அழுத்தினால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. ஆனால் நான் பார்த்தவர்களில் பலரும் புள்ளியைக் கண்ட மறுகணமே புதிய கார்டின் விலையை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

என் கார்டில் புள்ளி ஸ்கிரீன்ஷாட்டிலும் இருந்தது. 8 ஜிபி ஜிடிடிஆர்6 ரக மெமரி கொண்ட நடுத்தர ரகக் கார்டு, வாரண்டி முடிந்து வெகுநாளாகிவிட்டது. வீடியோ தொகுப்பு, முப்பரிமாணக் காட்சிகளைக் கணக்கிட்டுப் படமாக்கும் ரெண்டர் வேலை, இரவில் கொஞ்சம் விளையாட்டு என்று அதற்கு ஓய்வே கிடையாது. முதலில் இருண்ட காட்சிகளில் மட்டும் சம இடைவெளி விட்டுப் புள்ளிகள் வரிசை வரிசையாக நின்றன. பிறகு ரெண்டர் பாதியில் நின்றுபோனது. கடைசியில் திரை கறுத்து, கார்டின் விசிறிகள் முழு வேகத்தில் அலற ஆரம்பித்தன.

இந்த அறிகுறிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வு உண்டு. சம இடைவெளியில் வரும் புள்ளிகளும் கட்டங்களும் செங்குத்துக் கோடுகளும் பெரும்பாலும் மெமரிப் பக்கம் கை காட்டும். விளையாட்டில் உருவங்களை அமைக்கும் முக்கோணங்கள் கூர்கூராக நீண்டு திரையெங்கும் பாய்ந்தால் மெமரியாக இருக்கலாம், சிப்பாக இருக்கலாம், அளவுக்கு மீறி வேகத்தைக் கூட்டிய ஓவர்கிளாக்காகவும் இருக்கலாம். திரை அவ்வப்போது ஒரு விநாடி அணைந்து திரும்பி வருகிறது, அதுவும் உயர்ந்த ரெஃப்ரெஷ் ரேட்டில் (திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு) மட்டும் என்றால் முதல் குற்றவாளி கேபிள்தான். 144 ஹெர்ட்ஸை 60 ஆகக் குறைத்துப் பாருங்கள். அதில் சரியாக இருந்தால் கேபிளை மாற்றுங்கள், கார்டில் கை வைக்க வேண்டாம். ஆனால் இவை சாய்வுகள் மட்டுமே. அறிகுறியைக் கொண்டு தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

அடுத்து, கணினி எழும்போது வரும் பயாஸ் திரை. அந்த நேரத்தில் விண்டோஸும் இல்லை, டிரைவரும் இல்லை. அங்கேயே கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் டிரைவரைக் குறை சொல்ல இடமே இல்லை, அது வன்பொருள் கோளாறுதான். என் கார்டு இங்கே ஒரு விசித்திரம் காட்டியது. இரவெல்லாம் அணைத்து வைத்துக் காலையில் இயக்கினால் பயாஸ் திரையிலேயே புள்ளிகள் தெரியும். சற்று நேரம் ஓடிச் சூடேறியதும் மறைந்துவிடும். குளிர்ந்த நிலையில் மட்டும் தலைகாட்டும் கோளாறு என்றால், சிப்பைப் பலகையோடு ஒட்டும் ஈயப்பற்று ஒன்றில் விரிசல் விழுந்து, சூட்டில் உலோகம் விரியும்போது அது தற்காலிகமாக ஒட்டிக்கொள்கிறது என்ற சந்தேகம் வலுக்கும். அன்றைக்கே அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்காமல் அந்த முடிவுக்குப் போக எனக்கு மனமில்லை.

விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. கணினி தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு அது. அதில் சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண்ணுடன் ‘டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்கவில்லை, மீட்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரு பதிவு இருக்கும். கார்டு 2 விநாடிகளுக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீண்டும் தொடங்கி வைக்கிறது. விஸ்டா காலம் முதலே இந்த ஏற்பாடு உண்டு. இந்த 2 விநாடி வரம்பைக் கூட்டிவிடு, பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. கனமான ரெண்டர் வேலையில் கார்டு உண்மையிலேயே 2 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அந்த வேலைக்கு மட்டும் அது நியாயமான யோசனை. சும்மா உலாவியைத் திறந்ததும் விழுந்துவிடும் கார்டுக்கு வரம்பைக் கூட்டினால் நீங்கள் உறைந்த திரையை இன்னும் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அவ்வளவுதான். லினக்ஸில் என்விடியா கார்டு என்றால் கெர்னல் பதிவில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி எழுதும் குறிப்பில், ‘எக்ஸ்ஐடி’ (Xid) என்ற சொல்லைத் தேடுங்கள். அருகில் 79 என்ற எண் இருந்தால், கார்டு மதர்போர்டின் தொடர்பிலிருந்தே விலகிப் போய்விட்டது என்று பொருள். மின்சாரம், கார்டைச் செருகும் ஸ்லாட், கார்டு மூன்றையும் அப்போது சந்தேகிக்க வேண்டும்.

டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாகப் போட்டுப் பார்ப்பது அவசியம். அதற்கென்றே டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் (விண்டோஸ் மிகக் குறைந்த டிரைவர்களோடு எழும் நிலை) அதை ஓட்ட வேண்டும். இணைப்பு இருந்தால் விண்டோஸ் முந்திக்கொண்டு தானாக ஒரு டிரைவரைப் போட்டுவிடும். இங்கே ஒரு தவறான தர்க்கம் அடிக்கடி காதில் விழுகிறது: ‘டிரைவர் இல்லாதபோது ஓடுகிறது, டிரைவர் போட்டதும் விழுகிறது, ஆகவே டிரைவர்தான் காரணம்.’ டிரைவர் இல்லாதபோது கார்டு வெறும் படம் காட்டும் வேலையை மட்டும் செய்கிறது. டிரைவர் வந்த பிறகுதான் முழு வேகத்துக்குப் போகிறது, மெமரி முழுவதையும் தொடுகிறது. நோயாளியை எழுப்பி நடக்கச் சொன்னதும் விழுந்தால் நடக்கச் சொன்னவரா குற்றவாளி? பழைய டிரைவர், புதிய டிரைவர் இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்தால் அந்தப் பக்கம் தேடுவதை நிறுத்திவிடலாம்.

மின்சாரம் பற்றிப் பேசாமல் கார்டைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. மதர்போர்டு ஸ்லாட் கார்டுக்குத் தருவது அதிகபட்சம் 75 வாட். 6 பின் இணைப்பு ஒன்று 75, 8 பின் இணைப்பு ஒன்று 150 வாட். இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு, ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரட்டைத் தலையைச் செருகுவது வழக்கமாகிவிட்டது. பவர் சப்ளையிலிருந்து தனித்தனிக் கேபிள்களாகக் கொண்டுவந்து பாருங்கள், சில ‘பழுதான’ கார்டுகள் அதிலேயே குணமாகிவிடும். கார்டு கண நேரத்துக்குத் தன் அறிவிக்கப்பட்ட அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அதைத் தாங்க முடியாத பவர் சப்ளை கணினியை முழுவதுமாக அணைத்துவிடும். இதில் எனக்குப் பயன்பட்ட ஓர் அடையாளம் ஒலி. திரை கறுத்த பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது, கார்டுதான் விழுந்தது. ஒலியும் சேர்ந்து போய்க் கணினியே மீண்டும் தொடங்கினால் பவர் சப்ளையை முதலில் பாருங்கள். எனக்குப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

புதிய 16 பின் இணைப்பு உள்ள கார்டு என்றால் அந்த இணைப்பைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். 600 வாட் வரை அந்தச் சிறு முனை வழியாகப் போகிறது. 2022இல் அது உருகிய செய்திகள் வந்தபோது, முழுமையாகச் செருகப்படாததே பல சம்பவங்களில் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அதை மறுபடி செருக வேண்டாம்.

கார்டின் மேல் விழும் பழி சில நேரம் பிராசசருடையது. 2024இல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். இன்டெல்லின் 13, 14 ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்கள் சிலவற்றில், விளையாட்டுகள் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்ற செய்தியோடு நின்றன. செய்தியைப் படித்தவர்கள் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றினார்கள். கோளாறோ பிராசசரில், அதற்குப் போன மின்னழுத்தத்தில். இன்டெல் மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. பிழைச் செய்தி எந்தப் பாகத்தின் பெயரைச் சொல்கிறதோ அதுதான் கெட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு மிச்சமிருப்பது மாற்றிப் பார்ப்பது. சந்தேகக் கார்டை வேறொரு கணினியில் போடுவது, நல்லது என்று தெரிந்த கார்டை நம் கணினியில் போடுவது, இரண்டையும் செய்தால்தான் தீர்ப்பு முழுமையாகும். கோளாறு கார்டோடு கூடவே போனால் கார்டு, கணினியிலேயே தங்கினால் மற்றவை. மாற்றுக் கார்டு கிடைக்காதவர்கள் பிராசசரில் உள்ள உள்ளமைந்த கிராஃபிக்ஸைக் கொண்டு கணினியின் மற்ற பாகங்களையாவது சோதிக்கலாம். பெயரின் இறுதியில் ‘எஃப்’ எழுத்து வரும் இன்டெல் பிராசசர்களில் அந்த வசதி இருக்காது. என் புள்ளிகள் கார்டோடு இன்னொரு கணினிக்கும் போயின. வாரண்டி உள்ளவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுங்கள். திருகைத் தொடாதீர்கள். புள்ளி விழும்போது சீரியல் எண்ணும் தெரியும்படி ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். வந்து வந்து போகும் கோளாறை சர்வீஸ் சென்டரில் யாரும் பார்க்காமல் ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று திருப்பி அனுப்பினால், கையில் இருக்கும் அந்த வீடியோதான் பேசும்.

வாரண்டி இல்லாததால் நான் திறந்தேன். திறப்பதற்கு முன் வெப்பநிலைகளைக் குறித்துக்கொண்டேன். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் சிப்பின் சராசரி வெப்பத்தையும், அதன் மிகச் சூடான புள்ளியான ஹாட்ஸ்பாட்டையும் தனித்தனியாகக் காட்டும். இரண்டுக்கும் 10 முதல் 20 டிகிரி வரை வித்தியாசம் இருப்பது சாதாரணம். என்னுடையதில் 30ஐத் தாண்டியிருந்தது. சராசரி 80க்குக் கீழே இருந்ததால் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் நலம்போலத் தோன்றும். வித்தியாசம்தான் உண்மையைச் சொல்லியது: சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்க் சிப்பின் ஒரு பகுதியைச் சரியாகத் தொடவில்லை.

கழற்றும்போது பின்பக்கம் சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த நான்கு திருகுகள் இருக்கும். அவற்றை ஒரேயடியாகக் கழற்றாமல், எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். மாட்டும்போதும் அப்படியே. ஹீட் சிங்க்கைத் தூக்கும் அவசரத்தில் விசிறிக்குப் போகும் மெல்லிய கம்பியை அறுத்துக்கொள்பவர்கள் உண்டு, அதை முதலில் விடுவித்துவிட வேண்டும். உள்ளே, சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் பழைய பேஸ்ட் சிப்பின் நடுவிலிருந்து வழித்துவிட்டதைப் போல விலகி, ஓரங்களில் வறண்ட மண்ணாகக் கெட்டிப்பட்டிருந்தது. சிப் சூடாகிக் குளிரும் ஒவ்வொரு முறையும் பேஸ்ட் சிறிது சிறிதாக வெளியே தள்ளப்பட்டதன் விளைவு இது. மெமரி சிப்புகளின் மேல் இருந்த தெர்மல் பேடுகள் என்ற சூடு கடத்தும் மெத்தைகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. கார்டிலிருந்து ஏதோ ஒழுகிவிட்டது என்று பதறத் தேவையில்லை. பேடில் உள்ள சிலிகான் எண்ணெய் கசிந்திருக்கிறது, அது மின்சாரத்தைக் கடத்தாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும்.

பேடுகளை மாற்றுவதில் கவனிக்க வேண்டியது தடிமன். ஒரே கார்டில் ஓரிடத்தில் 1 மில்லிமீட்டரும் இன்னோர் இடத்தில் 2 மில்லிமீட்டரும் இருக்கலாம். மெல்லியதைப் போட்டால் மெமரி ஹீட் சிங்க்கைத் தொடாது. தடித்ததைப் போட்டால் அது ஹீட் சிங்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், நடுவில் முதன்மைச் சிப் சுடும். அந்தந்த மாடலுக்கான அளவைத் தேடி உறுதிசெய்யாமல் வாங்க வேண்டாம். புதுப் பேஸ்டும் பேடும் போட்ட பிறகு என் கார்டின் வெப்ப வித்தியாசம் பாதியாகக் குறைந்தது, விசிறிச் சத்தமும் அடங்கியது. புள்ளிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இப்போது மெமரியைத்தான் நேரடியாகக் கேட்க வேண்டும். பலர் ஃபர்மார்க்கை மணிக்கணக்கில் ஓட்டுவார்கள். அது கார்டைச் சுட வைக்கும் கருவி. வெப்பத்தையும் மின்சாரத்தையும் சோதிக்க நல்லது, மெமரிப் பிழையை எண்ணிச் சொல்லாது. ஏற்கெனவே நொந்திருக்கும் கார்டை அதில் நீண்ட நேரம் வறுத்தெடுப்பதை நான் விரும்புவதில்லை. ஓசிசிடி மென்பொருளில் உள்ள விரேம் (கார்டின் மெமரி) சோதனையும் மெம்டெஸ்ட் வல்கன் மென்பொருளும் வேறு வகை. மெமரியில் எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். நல்ல கார்டில் பிழை பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும், ‘ஒன்றிரண்டு பரவாயில்லை’ என்ற பேச்சுக்கே இடமில்லை. என்னுடையதில் குளிர்ந்த நிலையில் பிழைகள் ஓடையாக ஓடின, சூடேறியதும் சொட்டுச் சொட்டாகக் குறைந்தன. கார்டின் வேகத்தை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மெமரி வேகத்தைச் சில நூறு மெகாஹெர்ட்ஸ் குறைத்தபோது சூடான நிலையில் பிழையே வரவில்லை. அந்த அளவில் வைத்துக்கொண்டே, அடுத்து என்ன என்று முடிவெடுக்கும்வரை வேலையை ஓட்டினேன். கெட்டது மெமரி சிப்போ அதன் ஈயப்பற்றோ என்பதில் அதன் பிறகு ஐயமில்லை.

இந்த நேரத்தில்தான் அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். “மாமா, என் கார்டு எரிந்துவிட்டது. உங்களுடையது வெறும் புள்ளிதானே, என்னுடையது கணினியையே எழ விடவில்லை” என்றான். பொத்தானை அழுத்தினால் விசிறிகள் ஒருமுறை துடித்து நின்றுவிடுகின்றன, கார்டைக் கழற்றினால் கணினி ஒழுங்காக எழுகிறது. கார்டில் எங்கோ 12 வோல்ட் பாதை ஷார்ட் ஆகிவிட்டது, பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. இரண்டு கார்டுகளையும் எடுத்துக்கொண்டு, சிப் அளவில் பழுது பார்க்கும் டெக்னீஷியன் ஒருவரிடம் போனோம்.

அவர் முதலில் அவன் கார்டைத்தான் எடுத்தார். மல்டிமீட்டரை வைத்து 12 வோல்ட் பாதையை அளந்தார், பூஜ்யத்தை ஒட்டிக் காட்டியது. அடுத்து முதன்மைச் சிப்புக்குப் போகும் பாதையை அளந்தபோது 1 ஓமுக்கும் குறைவாக வந்தது. அக்கா மகன் முகம் வாடிவிட்டது. “தம்பி, இது சரியான அளவுதான். பெரிய சிப்புகளில் இந்தப் பாதை இப்படித்தான் காட்டும். இதையும் ஷார்ட் என்று நினைத்து நல்ல கார்டைத் தூக்கிப் போடுகிறார்கள்” என்றார் அவர். 12 வோல்ட் பாதையில் 1 வோல்ட் அளவுக்கு மட்டும் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து, பலகையின் மேல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவினார். பலகை முழுக்க ஈரமாக மின்னிக்கொண்டிருக்க, ஓரிடத்தில் மட்டும் ஈரம் சட்டென்று காய்ந்து வட்டமாக விலகியது. அந்த இடத்தில் எள்ளளவு செராமிக் கெபாசிட்டர் ஒன்று. சூட்டுக்காற்றால் அதை எடுத்துவிட்டு மறுபடி அளந்தார். ஷார்ட் போய்விட்டது. அன்றைக்கே கார்டு எழுந்தது. கெபாசிட்டருக்குப் பதில் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான மாஸ்ஃபெட் ஒன்று ஷார்ட் ஆகி, 12 வோல்ட் நேராக முதன்மைச் சிப்புக்குள் பாய்ந்திருந்தால் கதை வேறு. அப்போது பாதையைச் சரிசெய்தாலும் சிப் உயிரோடு இருக்காது. அதனால்தான் அவர் சிப்பின் பாதையையும் முன்கூட்டியே அளந்தார். ஒரு டெக்னீஷியனை நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டால், அளக்காமல் சூட்டுக்காற்றுக் கருவியை எடுப்பவரிடம் கார்டைக் கொடுக்காதீர்கள் என்பேன்.

என் கார்டுக்கு வந்தார். எந்தச் சேனலில் (மெமரிப் பாதையில்) எந்தச் சிப் பிழை தருகிறது என்று காட்டும் சோதனையை ஓட்டினார். எட்டு மெமரி சிப்புகளில் ஒன்று மட்டும், அதுவும் ஸ்லாட்டை ஒட்டிய ஓரத்தில் இருந்தது. கனமான ஹீட் சிங்க்குடன் கார்டு ஆண்டுக்கணக்கில் ஒருபக்கம் தொங்கிக்கொண்டிருக்க, பலகை மெல்ல வளைந்து அந்த ஓரத்து ஈயப்பற்று விட்டிருக்கிறது என்பது அவர் கணிப்பு. ஜிடிடிஆர்6 சிப் ஒன்றின் அடியில் 180 ஈயக்குண்டுகள் இருக்கின்றன. சிப்பை எடுத்து, தளத்தைச் சுத்தம் செய்து, வேறு சிப்பை அத்தனை குண்டுகளும் பொருந்தும்படி வைக்க வேண்டும். “செய்யலாம். ஆனால் பலகை வளைந்ததில் ஒன்று விட்டிருந்தால் அடுத்ததும் விடலாம். சிப்புக்கு நான் பொறுப்பு, பலகைக்குப் பொறுப்பேற்க முடியாது” என்றார். நேர்மையான பேச்சு.

அடுப்பு வைத்தியம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கார்டை 200 டிகிரி அடுப்பில் சில நிமிடம் வைத்தால் ஈயம் உருகி ஒட்டிக்கொள்ளும் என்ற யோசனை இன்னும் உலவுகிறது. இன்றைய ஈயமில்லாப் பற்று உருகுவதே 217 டிகிரிக்கு மேல்தான். 200இல் எதுவும் உருகுவதில்லை. சில கார்டுகள் பிழைத்தது எப்படி என்றால், பல பழைய கார்டுகளில் விட்டது பலகையோடு சிப் சேரும் பற்று அல்ல, சிப்பின் பொதிக்குள்ளேயே (சிலிக்கான் துண்டைச் சுமக்கும் உறைக்குள்ளேயே) இருக்கும் நுண்ணிய பற்று. சூட்டில் அது சிலகாலம் தொட்டுக்கொண்டு நிற்கும், பிறகு மறுபடி விடும். 2008 ஜூலையில் என்விடியா, தன் பழைய தலைமுறைச் சிப்புகள் சிலவற்றின் பொதிப் பொருளில் இருந்த பலவீனத்துக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. உற்பத்தியாளரையே அந்த அளவுக்கு வாட்டிய கோளாறை வீட்டு அடுப்பு தீர்க்காது. சமைக்கும் அடுப்பில் மின்பலகையின் புகை படிவதுதான் மிச்சம். சூடேற்றி எழுப்பிய கார்டை ‘பழுது நீக்கியது’ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெளிவானது இதுதான். கோளாறு எவ்வளவு பயங்கரமாகத் தெரிகிறது என்பதற்கும் அது தீருமா என்பதற்கும் தொடர்பே இல்லை. செத்துவிட்டதாகத் தெரிந்த கார்டு ஒரு கெபாசிட்டரோடு பிழைத்தது. புள்ளி மட்டும் காட்டிய கார்டு ஆழமாகக் கெட்டிருந்தது. சிப்புக்கு வெளியே இருப்பவை, அதாவது விசிறி, பேஸ்ட், இணைப்பு முனை, ஃபியூஸ், கெபாசிட்டர், இவற்றில் கோளாறு என்றால் கார்டு பழையதானாலும் பழுது பார்ப்பேன். முதன்மைச் சிப் போய்விட்டாலும், ஸ்லாட் கொக்கியின் அருகே பலகையில் விரிசல் விழுந்து உள்ளடுக்குக் கம்பிகள் அறுந்திருந்தாலும் யார் என்ன சொன்னாலும் செலவழிக்க மாட்டேன். மெமரி சிப்போ இந்த இரண்டு நிலைக்கும் நடுவே நிற்கிறது. உயர்ரகக் கார்டு, நிறைய மெமரி, கை தேர்ந்த டெக்னீஷியன் மூன்றும் சேர்ந்தால் மாற்றலாம்.

கூலியைப் புதிய கார்டின் விலையோடு ஒப்பிடுவது பலர் செய்யும் கணக்கு. அப்படிப் பார்த்தால் எந்தப் பழுதும் மலிவாகத்தான் தெரியும். அதே மாடல், நல்ல நிலையில், பழைய சரக்காக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். கூலி அதில் பாதியைத் தொட்டால் நான் விலகிவிடுவேன், ஏனென்றால் பழுது பார்த்த பிறகும் மிச்சப் பாகங்கள் பழையவைதானே. கூடவே அந்தக் கார்டுக்கு டிரைவர் இன்னும் எத்தனை காலம் வரும் என்பதையும் பார்க்க வேண்டும். 2016இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு விளையாட்டு டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடியும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. அந்த வரிசைக் கார்டில் மெமரி சிப் மாற்றச் சொல்லி யாராவது கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், விசிறி மாற்றுவதென்றால் தாராளமாக.

என் கார்டை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். மாற்றும்போது கார்டை மட்டும் பார்த்தால் போதாது. பவர் சப்ளை தாங்குமா, அதில் தேவையான முனைகள் இருக்கின்றனவா, கார்டின் நீளம் பெட்டிக்குள் அடங்குமா என்பதை அளவுநாடா வைத்தே பார்த்துவிட வேண்டும். பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. மலிவுக் கார்டுகள் சில ஸ்லாட்டின் 16 தரவுத் தடங்களில் எட்டையோ நான்கையோ மட்டும் பயன்படுத்துகின்றன. 2022இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு தடங்கள் மட்டுமே கொண்டது. ஸ்லாட்டின் பழைய வகையான பிசிஐ எக்ஸ்பிரஸ் 3 தலைமுறைப் போர்டில் அதன் வேகம் சில விளையாட்டுகளில் கண்கூடாகக் குறைந்தது. இன்டெல் ஆர்க் கார்டுகளோ, மதர்போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுக விடுவது) வசதி இல்லாவிட்டால் தம் முழு வேகத்தைக் காட்டாது.

நான் வாங்கியது பழைய கார்டுதான். விற்பவரின் கணினியிலேயே, அணைத்துக் குளிர வைத்த நிலையிலிருந்து தொடங்கி, மெமரிச் சோதனையை ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஏற்கெனவே ஓடிச் சூடாயிருக்கும் கார்டைக் காட்டுபவரிடம் வாங்க எனக்கு இஷ்டமில்லை. என் பழைய கார்டே சூடான நிலையில் தேர்வு எழுதியிருந்தால் ஏறக்குறையத் தேறியிருக்கும். திருகுகளின் தலை மழுங்கியிருக்கிறதா, விசிறியைக் கையால் சுழற்றினால் ஆட்டம் இருக்கிறதா, பலகையை ஓரமாக வைத்துப் பார்த்தால் வளைவு தெரிகிறதா என்றும் பார்த்தேன். புள்ளி விழுந்த என் கார்டை டெக்னீஷியனே உதிரிக்காக எடுத்துக்கொண்டார். நல்ல நிலையில் உள்ள ஏழு மெமரி சிப்புகள் அவருக்கு வேறு கார்டுகளில் பயன்படும்.

புதிதாக வந்த கார்டின் தொங்கும் முனைக்கு அடியில் உயரம் மாற்றக்கூடிய ஒரு தாங்கு வைத்திருக்கிறேன். கார்டைத் தூக்கிப் பிடிக்கும் அளவுக்கு இறுக்காமல், தொட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்கு மட்டும். கணினியை வேறிடத்துக்கு எடுத்துப் போக வேண்டியிருந்தால் கார்டைக் கழற்றித் தனியாக எடுத்துப் போகிறேன், வண்டியின் குலுக்கலில் அது ஸ்லாட்டிலேயே தொங்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. அக்கா மகனுக்கும் ஒரு தாங்கு வாங்கிக் கொடுத்தேன். அவன் இன்னும் மாட்டவில்லை.